தோ

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு மகள் செலினைத் தில்லை நகரில் பேச்சு வராத பிள்ளைகளுக்கான சென்டரில் சேர்த்தோம். காலையில் கிளம்பும்போதே வீட்டில் சண்டை. ஆட்டோ கீழே நிற்கிறது, சேவியர் வாசலில் நின்றுகொண்டு "அமலி, அமலி" என்று ஏலம் போடுகிறார். "இதோ வந்துட்டேன்" என்றேன். "நீ இதோன்னா அரை மணி நேரம்னு அர்த்தம். இது பட்டுப்புடவை செக்ஷன் இல்லடி, ஆட்டோக்காரன் போயிருவான்" என்றார். ஒன்பது வருஷம் என்.எஸ்.பி. ரோட்டில் புடவைக் கடையில் நின்றவள் நான். நாக்கில் ஒட்டியது ஒட்டியதுதான். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நட்டு முடுக்குகிறவருக்கு அது எங்கே புரியப் போகிறது.

சென்டர் ஒரு வீட்டின் மாடி. செலினுக்குக் கொடுத்த அறையில் ஒரு குட்டி மேசை, இரண்டு குட்டி நாற்காலி, வேறொன்றும் இல்லை. கவனம் சிதறக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடிக்கு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிற பெண் ஹர்ஷினி. சின்ன வயசுதான், எல்லோரும் மிஸ் என்கிறோம், நானும் மிஸ் என்றேன், அவள் என்னை அக்கா என்கிறாள். பெற்றவர்கள் உள்ளே வரக் கூடாதாம். நான் இருந்தால் செலின் என் மடியை விட்டு இறங்க மாட்டாளாம். ஹாலில் ஒரு டிவி வைத்திருக்கிறார்கள், உள்ளே நடப்பது அதில் தெரியும், சத்தம் வராது.

"உங்களுக்கு என்னக்கா எதிர்பார்ப்பு?" என்று கேட்டாள்.

செலினுக்கு ஐந்து வயது. ஓடுவாள், குதிப்பாள், மின்விசிறியைப் பார்த்துச் சிரிப்பாள். வாயிலிருந்து அர்த்தமாக ஒரு சொல் வந்ததில்லை. சேவியர் "பள்ளிக்கூடம் போகணும்" என்றார். நான் சொன்னேன், "ஒரு தரம் அம்மான்னு கூப்பிட்டாப் போதும் மிஸ். மத்ததெல்லாம் அப்புறம்."

ஜூன் 12, வியாழன்

டிவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செலின் மேசையில் உட்காரவே இல்லை. கதவருகே போய் நின்றாள். வாயைக் குவித்துக் குவித்து என்னவோ சொன்னாள். முடிந்ததும் ஹர்ஷினி வெளியே வந்து, "தோ, தோன்னு சொல்லிக்கிட்டே இருக்கா அக்கா. வீட்ல யாராவது அப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்ல யாரும் அப்படியெல்லாம் பேச மாட்டோம் மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியாதா அந்த 'தோ'. தினமும் காலையில் பால் வாங்கக் கீழே இறங்குவேன், இவள் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "தோ, தோ" என்பாள். எங்கள் தெருவில் செவலை என்று ஒரு நாய் உண்டு, எல்லா வீட்டுச் சோறும் தின்கிற சோம்பேறி. உடனே தலையைத் தூக்கி வாலை ஆட்டும். ஊரில் நாயைக் கூப்பிடுவது அப்படித்தானே. யாரிடம் கற்றாளோ. அதைப் போய் மிஸ்ஸிடம் சொல்லவா முடியும்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து நாத்தனார் ரோஸ்லின் வந்தாள். மீன் வறுத்தேன். எண்ணெய் தெறிக்கும் என்று அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவேன், செலின் வெளியே நின்றாள். "தோ. தோ." கதவைத் தட்டித் தட்டி.

ரோஸ்லின் ஹாலில் இருந்து சிரித்தாள். "ஏ அண்ணி, உம் மக நாயைல்ல கூப்புடுறா. அம்மான்னு வரல, நாய் மட்டும் நல்லா வருது."

சேவியரும் சிரித்தார். வேண்டுமென்று சிரிக்கவில்லை, தங்கை சிரித்தால் அண்ணன் சிரிக்கிற வழக்கம். அவள் தட்டில் போடவிருந்த வஞ்சிரத்தை எடுத்துச் செவலைக்குப் போட்டுவிடலாமா என்றிருந்தது. போடவில்லை. ஆனால் வால் துண்டைத்தான் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஹர்ஷினியிடம் போய் நின்றேன். "அந்த தோ-வை மொதல்ல நிறுத்துங்க மிஸ். ஊரே சிரிக்குது."

அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. "எதுக்காகச் சொல்றான்னு கண்டுபிடிச்சிட்டு நிறுத்தலாமே அக்கா. கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றாள்.

"எதுக்காகன்னு எனக்குத் தெரியும். தெருநாயக் கூப்பிடுது. எம் பிள்ள பேசுற ஒரே பேச்சு அது, எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். ஹாலில் இருந்த லால்குடி கோமதிகூட நிமிர்ந்து பார்த்தாள். அவள் பையனும் இங்கேதான் வருகிறான். ஹர்ஷினி வழியைச் சொன்னாள். செலின் 'தோ' என்றால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திட்டவும் கூடாது, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதோடு அம்மா என்கிற சொல்லை என் போட்டோவை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள்.

"ஆனா சென்டர்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணுன்னு இருக்கக் கூடாதுக்கா. இங்க, வீட்ல, தெருவுல, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு இடத்துல பதில் கிடைச்சாலும் போகாது."

"என்னைய நம்புங்க மிஸ்" என்றேன். பிடித்தால் விடாப்பிடி, என் அப்பா வைத்த பேரே உடும்பு.

ஜூன் 18, புதன்

பால் வாங்கப் போனபோது ஜன்னலில் நின்று கத்தினாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. செவலைதான் பார்த்தது.

ஜூன் 27, வெள்ளி

கோமதியின் பையன் இன்றைக்கு "அம்மா" என்றான். அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, தெளிவாக. கோமதி உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டேன், சந்தோஷம் என்றேன். பொய்யில்லை. ஆனால் உள்ளே வேறொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பொறாமை. ஆட்டோவில் வரும் வழியெல்லாம் செலினைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். திருவிழாவுக்குள் ஒரு 'அம்மா' வந்துவிட்டால் நடந்தே வருகிறேன் தாயே.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கு ஒரு கூத்து. இவ்வளவு நாளாக என் போட்டோவைக் காட்டி "அம்மா யாரு?" என்று கேட்டால், செலின் போட்டோவைத் தொடுவதில்லை. தன் நெஞ்சைத் தொடுகிறாள். தப்பு, தப்பு என்று நாங்களும் கையைப் பிடித்துப் போட்டோ மேல் வைத்துக்கொண்டிருந்தோம்.

ஹர்ஷினி கேட்டாள், "நீங்க செலினை எப்படிக் கூப்பிடுவீங்க அக்கா?"

"செலின்னுதான் மிஸ். வேற எப்படி?"

சொல்லிவிட்டு இவள் பக்கம் திரும்பி, "செருப்பைப் போடும்மா" என்றேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

வாம்மா. சாப்பிடும்மா. என் அம்மால்ல, என் தாயில்ல. பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்தது அதுதான். யோசித்தால் சேவியரும் அப்படித்தான் கூப்பிடுகிறார், ஆட்டோக்காரரும் அப்படித்தான். "நானும் உள்ள போனதும் உக்காரும்மான்னுதான் சொல்றேன்" என்று ஹர்ஷினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா யாரென்று கேட்டால் பிள்ளை தன்னைத்தானே காட்டும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெண்பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் பேரை நானே தூக்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல் யாரும் 'ம்மா' போடக் கூடாது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆட்டோவில் ஏறினதும்தான் சிரிப்பு நின்றது. அவளுக்கு நான் அம்மா இல்லையென்றால், அவள் மனசுக்குள் நான் யார்?

ஜூலை 5, சனி

"சாப்பிடு செலின்" என்று சொன்னால் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு போடுவது போல இருக்கிறது. நாக்கு மறுபடி மறுபடி அங்கேதான் போகிறது. சேவியர் காவல் காக்கிறார். "ம்மா போட்ட, ம்மா போட்ட" என்று பிடிக்கிறார். அவர் மட்டும் ஒழுங்கா? தூங்கும்போது "தூங்கும்மா" என்றார். நானும் பிடித்தேன்.

ஜூலை 16, புதன்

'தோ' நின்றுவிட்டது. சென்டரில் போன வாரமே நின்றது, வீட்டில் இந்த வாரம். "குறைஞ்சிருச்சு அக்கா" என்று ஹர்ஷினி சொன்னாள், சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நினைத்ததைச் சாதித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு மிதப்பு.

நல்ல பிள்ளையாக இருக்கிறாள். அடுப்படிக் கதவைத் தட்டுவதில்லை. நான் பால் வாங்கப் போனால் ஜன்னலுக்கு வருவதில்லை, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் பழைய செருப்பைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரோஸ்லின் போன் செய்தாள். "நாயக் கூப்புடுறது நின்னுருச்சா அண்ணி?" என்றாள். நின்றுவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

இன்றைக்குத் தலைக்கு ஊற்றினேன். முன்பெல்லாம் செலின் குளியலறைக் கதவை உடைத்துவிடுவது போல் தட்டுவாள், பாதிக் குளியலில் ஓடி வருவேன். இன்று அவசரமே இல்லை. சீயக்காய் தேய்த்து நிதானமாகக் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால், எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாகவோ. கதவையே பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு.

வீடு அமைதியாக இருக்கிறது. இதைத்தான் கேட்டேன், கிடைத்துவிட்டது. ஆனால் ஏனோ அழுகை வருகிறது. ஒரு சத்தமாவது போட்டால் தேவலை என்றிருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒரு சொல் வந்துவிட்டது. 'இஸ்ஸு'.

சென்டரில் புதுப் பாடம். ஆளின் நெஞ்சில் கை வைத்து "இது யாரு?" என்று கேட்பார்கள். பிள்ளை சொல்ல வேண்டும். சொன்னால் சோப்புக் குமிழி ஊதுவார்கள், செலினுக்குக் குமிழி என்றால் உயிர். இன்றைக்கு ஹர்ஷினியின் நெஞ்சில் தானே உள்ளங்கையை வைத்து "இஸ்ஸு" என்றாளாம். மிஸ். டிவியில் பார்த்தேன், ஹர்ஷினி குமிழி ஊத மறந்து அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினாள்.

என் பிள்ளை முதன்முதலில் ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அது நான் இல்லை. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

சாயங்காலம் சேவியர் நெஞ்சில் கை வைத்தாள். அவர் "அப்பா" என்றார். "ப்பா" என்றாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார். அப்புறம் என்னிடம் வந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். நான் "அம்மா. அம்மா சொல்லு" என்றேன். என் வாயையே பார்த்தாள். உதடு கொஞ்சம் குவிந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சென்டரில் வந்தது வீட்டிலும் வருகிறதா என்று பார்க்க ஹர்ஷினி இன்று வீட்டுக்கு வந்தாள். மேசை நாற்காலி எதுவும் வேண்டாம், நீங்க எப்பவும் இருக்கிற மாதிரி இருங்க என்றாள். பாயை விரித்து உட்கார்ந்தோம். செலின் அவள் மடியில். சேவியர் ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு பின்படி வழியாக வந்து குளியலறைக்குள் போய்விட்டார், மிஸ் வந்திருப்பது தெரியாது.

"அமலி, துண்டு."

"இதோ" என்றேன்.

"உன் இதோ எனக்குத் தெரியும்டி. சீக்கிரம் கொண்டா."

நான் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் செலின் எழுந்துவிட்டாள். மிஸ் மடியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். என் வாயைப் பார்த்தாள். அப்புறம் என் கண்ணைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கிற பிள்ளையே இல்லை அவள்.

ஹர்ஷினி கேட்டாள், "இப்ப என்னக்கா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலையே. துண்டு கேட்டாரு."

"அவர் கேட்டதும் நீங்க என்ன சொன்னீங்க?"

"இதோன்னேன்."

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. செலின் கை இன்னும் என் நெஞ்சில்தான் இருந்தது. இதோ. தோ.

அடுப்படிக் கதவு சாத்தியிருக்கும்போது. குளியலறைக்கு வெளியே. நான் பால் வாங்க இறங்கும்போது. சென்டரில் அந்த அறைக் கதவருகே, நான் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது. நான் பக்கத்தில் இருக்கையில் அவள் ஒரு நாளும் 'தோ' சொன்னதில்லை. எந்த அறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் "இதோ" என்று ஒரு சத்தம் வரும், அதற்குப் பின்னால் நான் வருவேன். வருகிற ஆளுக்கு அதுதான் பேர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா என்பது அவள் பேர், இதோ என்பது என் பேர். வருஷக்கணக்காக என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் நாயைப் பார்த்தேன்.

ஹர்ஷினிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் இன்னும் விசாரிச்சிருக்கணும் அக்கா" என்றாள்.

"நீங்க விசாரிச்சீங்க மிஸ். மொத வாரமே கேட்டீங்க. நான்தான் எங்க வீட்ல யாரும் சொல்ல மாட்டோம்னேன்."

உள்ளேயிருந்து சேவியர், "அங்க என்னதான்டி பண்ற?" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசையில் ஒரு வார்த்தைகூட மனசில் ஏறவில்லை. வெளியே காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகத் தஞ்சாவூர் ரோட்டில் போகிறார்கள். மாதாவிடம் பேச்சை மாற்றிச் சொன்னேன். அம்மா வேண்டாம் தாயே. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள். அந்தத் 'தோ'வைக் கொடுத்துவிடு.

சேவியரிடம் நேற்றே எல்லாவற்றையும் சொன்னேன். இன்று ரோஸ்லினுக்குப் போன் போட்டு, "எம் பொண்ணு நாயக் கூப்புடல. இனிமே அந்தப் பேச்சு எடுத்த, வீட்டுப் பக்கம் வராத" என்றார். தங்கையிடம் அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஹர்ஷினி எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். சென்டர் கதவு இனி ஒருக்களித்துத் திறந்திருக்கும், நான் அதற்கு வெளியே உட்கார வேண்டும். செலின் வாயைக் குவித்தாலே போதும், நான் "இதோ" என்று உள்ளே வந்துவிட வேண்டும். வீட்டில், தெருவில், எங்கேயும் அதே மாதிரி.

"வருமா மிஸ்?"

"வரும்னு நினைக்கிறேன் அக்கா. ஆனா எப்பன்னு சொல்ல முடியாது. பதிலே வரலன்னுதானே விட்டா. இனிமே பதில் வரும்னு அவளுக்கே தெரியணும்."

இன்றைக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

தண்ணீரைத் திறக்காமல் குளியலறைக்குள் நின்றேன். வெளியே சத்தமில்லை. காது வலிக்கும் வரை நின்றேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

செலின் கதவருகே வந்தாள். திறந்த இடுக்கில் அவள் முகம் தெரிந்தது. உதடு குவிந்தது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் அவள் திரும்பி ஹர்ஷினியின் முகத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா என்று. பிறகு வாயை மூடிக்கொண்டாள். நாங்கள் கற்றுக்கொடுத்ததை நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நான் உள்ளே போய் "இதோ, இதோ வந்துட்டேன்" என்று கட்டிக்கொண்டேன். அவள் நெளிந்து விலகினாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கோமதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவாதீங்கக்கா. எம் பையன் இப்ப எல்லாத்தையும் அம்மாங்கறான். ஆட்டோக்காரரும் அம்மா, கறிக்கடைக்காரரும் அம்மா. நேத்து எங்க மாமனாரைக் கூப்ட்டுட்டான், அவரு கோவிச்சுக்கிட்டு சாப்பிடல" என்றாள்.

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். கோமதி சொன்னாள், "உங்க பொண்ணு ஒரே ஆளுக்கு வச்ச பேருக்கா அது. எங்க போயிரும்."

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று வாங்கின பால் காய்ச்சும்போதே திரிந்துவிட்டது. காலையில் கீழே இறங்கினதும் பால்காரர் பாஸ்கரண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே, காசு வாங்கிட்டுத் தயிரா குடுக்குறீங்க?"

"நான் என்னம்மா பண்ணட்டும், வண்டி லேட்டு."

"வண்டி லேட்டுன்னா பால் திரியுமா? சொல்லுங்க. எங்க வீட்ல மட்டும் எப்படித் திரியும்?"

எனக்கு வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. பாக்கெட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எதையும் எதிர்பார்க்கவில்லை, காது கொடுத்துக் காத்திருக்கவில்லை, உண்மையில் செலின் நினைப்பே அந்த நிமிஷம் இல்லை.

"தோ."

மெலிசாக. பழைய சத்தம் இல்லை, சோதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

வண்டி நிழலில் படுத்திருந்த செவலை தலையைத் தூக்கியது. நான் அதற்கு முன்னாலேயே தூக்கிவிட்டேன். மாடி ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் சேவியர், பல் விளக்கின நுரையோடு, மூச்சுவிடாமல் நிற்கிறார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் திருப்பிக்கொள்ளவில்லை.

"தோ."

"இதோ" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

பாஸ்கரண்ணன் மேலே பார்த்துவிட்டு வாலை ஆட்டுகிற செவலையையும் பார்த்தார். "பாப்பா நாயக் கூப்புடுதா?" என்றார்.

"இல்லண்ணே. என்னைய" என்றேன்.

பாக்கெட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு மாடிப்படியைப் பார்த்து ஓடினேன்.